போர்க்களத்தில் தோல்வி, வீதியில் புரட்சி!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்து கொண்ட வரலாற்றுப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நாட்டின் ராணுவம் அயல்நாட்டில் தோற்றுப் போனால், அந்த நாட்டுக்குள்ளே புரட்சி வெடிக்குமா? இந்தக் கேள்விதான் எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு.

இளைஞர்களைக் கேட்டால் உடனே பதில் வருகிறது. "ஏன் வெடிக்காது? எவ்வளவு பெரிய வல்லரசாக இருந்தாலும் வெளியே ஓர் அடி வாங்கினால் போதும். உள்ளே இருக்கிற மக்களே அதைக் கவிழ்த்து விடுவார்கள்" என்கிறார்கள். எங்காவது ஒரு படை பின்வாங்கியதாகச் செய்தி வந்தால், அடுத்த வாரமே ஆட்சி கவிழும் என்று எதிர்பார்க்கிறார்கள். வியாபாரிகளைக் கேட்டால் பதில் வேறு. "எங்கேயோ சண்டை, யாரோ தோற்கிறான், யாரோ ஜெயிக்கிறான். நாம் கடையைத் திறந்தோமா, கணக்கை முடித்தோமா என்று இருக்க வேண்டியதுதான்" என்கிறார்கள்.

சகோதரர்களே! இந்த இரண்டு பதில்களிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்து கொள்ள நான் உங்களை 1905ஆம் ஆண்டிற்கு அழைத்துச் செல்கிறேன். அந்த ஆண்டில் ரஷ்யா என்னும் பெரும் பேரரசு ஜப்பானிடம் தோற்றது. தோற்ற வேகத்தில் அதன் தலைநகரில் புரட்சி மூண்டது. அந்தத் தீயின் வெப்பம் எல்லை கடந்து தெஹ்ரானின் கடைத்தெரு வரைக்கும் போனது. வியாபாரிகளும் இளைஞர்களும் மார்க்க அறிஞர்களும் அதில் நடுநாயகமாக நின்றார்கள். அதனால்தான் இந்த வரலாற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

சின்ன வெற்றியைத் தேடிய பெரிய அரசு

1904ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜப்பானியக் கடற்படை போர்ட் ஆர்தர் துறைமுகத்தில் நின்ற ரஷ்யக் கப்பல்களை இரவில் தாக்கியது. மஞ்சூரியாவும் கொரியாவும் யாருக்கு என்பதே சண்டை. அந்த மண் ரஷ்யனுக்கும் சொந்தமல்ல, ஜப்பானியனுக்கும் சொந்தமல்ல என்பதை முதலில் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

அப்போது ரஷ்யாவை ஆண்டவர் இரண்டாம் நிக்கோலஸ் என்ற ஜார் மன்னர். அவருடைய உள்துறை அமைச்சர் பிளேவே. உள்நாட்டில் வளர்ந்து வந்த கொந்தளிப்பை அடக்க ஒரு சின்னப் போரும் ஒரு சின்ன வெற்றியும் தேவை என்று இந்த பிளேவே கருதியதாக, சக அமைச்சராக இருந்த விட்டே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அவர் அப்படிச் சொன்னாரோ இல்லையோ, அரசின் நடப்பு அப்படித்தான் இருந்தது.

உள்நாட்டில் என்ன கொந்தளிப்பு? 1861இல் அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்ட விவசாயி, தனக்குக் கிடைத்த துண்டு நிலத்திற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தவணை கட்டிக் கொண்டிருந்தான். தொழிற்சாலையில் ஒரு நாளைக்குப் பதினொன்றரை மணி நேரம் வேலை வாங்கலாம் என்று சட்டமே சொன்னது. பேரரசு முழுமைக்கும் சட்டமியற்ற ஒரு மக்கள் மன்றம் கிடையாது. வேலை நிறுத்தம் செய்வது குற்றம். ரஷ்யரல்லாத இனத்தவரின் மொழிக்கும் மதத்திற்கும் எண்ணற்ற தடைகள்.

இத்தனையையும் மக்கள் ஏன் பொறுத்துக் கொண்டார்கள்? அதற்கு முக்கியமான ஒரு காரணம் உண்டு. 'ஜாரின் அரசு கொடுமையானதுதான், ஆனால் பலமானது. அதை யாராலும் அசைக்க முடியாது' என்ற அச்சம்! அந்த அச்சம்தான் அரசின் உண்மையான கோட்டைச் சுவர். போர் அந்தச் சுவரைத்தான் இடித்தது.

மாஸ்கோவிலிருந்து போர்முனைக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தூரம். ஒற்றைத் தண்டவாளம். அதுவும் பைக்கால் ஏரிக்கருகே பாதை இன்னும் முழுமை பெறவில்லை. 1904 குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் போட்டுச் சரக்கை நகர்த்தினார்கள். சரக்கு அனுப்பிப் பழகிய வியாபாரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வழி சரியில்லாமல் வாக்குக் கொடுத்தவனின் நிலை என்ன ஆகுமோ அதுதான் அந்த ராணுவத்திற்கும் ஆனது.

இருபது நாள் இடைவெளி

1905 ஜனவரி 2ஆம் தேதி போர்ட் ஆர்தர் கோட்டை ஜப்பானியரிடம் சரணடைந்தது. அதிலிருந்து சரியாக இருபதாம் நாள், ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு ஊர்வலமாகக் கிளம்பினார்கள். புட்டிலோவ் ஆலையில் சில தொழிலாளர்கள் வேலை நீக்கம் செய்யப்பட்டதில் தொடங்கிய வேலை நிறுத்தம் நகரம் முழுவதும் பரவியிருந்தது. காப்போன் என்ற பாதிரியார் முன்னே நடந்தார். கையில் ஆயுதம் இல்லை. ஜாரின் படத்தையும் மதச் சின்னங்களையும் ஏந்திக் கொண்டு, பக்திப் பாடல் பாடிக் கொண்டு போனார்கள். கொண்டு போன மனுவில் எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். மக்கள் மன்றம் கேட்டார்கள். போரை நிறுத்தச் சொல்லியும் கேட்டார்கள்.

அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது. அரசாங்கக் கணக்கே நூற்று முப்பது பேர் வரை இறந்ததாகச் சொன்னது. உண்மை எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்பதே பலரின் கணிப்பு.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். அந்நியன் முன்னால் கோட்டையை ஒப்படைத்த ராணுவம், சொந்த நாட்டுத் தாய்மார்கள் மீது சுடுகிறது! தோல்வியும் துப்பாக்கிச் சூடும் தனித்தனியாக வந்திருந்தால் மக்கள் ஒருவேளை இரண்டையும் விழுங்கியிருப்பார்கள். இருபது நாளுக்குள் இரண்டும் சேர்ந்து வந்தபோது அரசின் மீதிருந்த அச்சமும் போனது, மரியாதையும் போனது.

பிறகு அடி மேல் அடி. மார்ச் மாதம் முக்டென் நகரருகே நடந்த மாபெரும் போரில் ரஷ்யா ஏறத்தாழ 90 ஆயிரம் பேரை இழந்தது. மாண்டவர், காயமடைந்தவர், சிறைப்பட்டவர் எல்லாம் சேர்த்து. கடைசி நம்பிக்கையாக பால்டிக் கடலிலிருந்து ஒரு கப்பற்படை 1904 அக்டோபரிலேயே புறப்பட்டிருந்தது. அதன் பெரிய கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றி, மடகாஸ்கரில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, இந்துமாக்கடல் கடந்து, சிங்கப்பூர் வழியாகப் போய்ச் சேர்ந்தன. ஏழு மாதப் பயணம். 1905 மே 27, 28 தேதிகளில் ட்சுஷிமா நீரிணையில் ஜப்பானியர் அந்தப் படையை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தார்கள். ரஷ்யர் ஐயாயிரம் பேர் அளவில் மாண்டனர். ஜப்பான் இழந்தது மூன்று சிறு படகுகளும் நூற்றுச் சொச்சம் உயிர்களும்தான்.

ட்சுஷிமா முடிந்து ஒரு மாதத்தில் கருங்கடலில் 'பொட்டெம்கின்' போர்க்கப்பலின் மாலுமிகள் கலகம் செய்தார்கள். புழு நெளிந்த இறைச்சியை உண்ண மறுத்ததில் தொடங்கியது அது. அக்டோபரில் ரயில்வே தொழிலாளர் தொடங்கிய வேலை நிறுத்தம் பேரரசையே முடக்கியது. ரயில் ஓடவில்லை, தந்தி போகவில்லை, பத்திரிகை வரவில்லை. வேறு வழியின்றி அக்டோபர் 30ஆம் தேதி ஜார் ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டார். பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, 'டூமா' என்ற மக்கள் மன்றம் ஆகியவை வாக்களிக்கப்பட்டன.

ஆக, தோல்வி எந்தக் குறையையும் புதிதாக உண்டாக்கவில்லை. விவசாயியின் கடன் பழையது; தொழிலாளியின் பசி பழையது. தோல்வி செய்ததெல்லாம், மூடி வைத்திருந்த பேரேட்டை நடுத்தெருவில் திறந்து காட்டியதுதான். 'எங்கள் வரிப்பணத்தையும் பிள்ளைகளையும் வாங்கிக் கொண்டு போனீர்களே, என்ன வரவு வைத்தீர்கள்?' என்று மக்கள் கேட்டார்கள். அரசிடம் பதில் இல்லை.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. போரில் வென்ற ஜப்பானிலும் கலவரம் நடந்தது! 1905 செப்டம்பர் 5ஆம் தேதி அமெரிக்காவின் போர்ட்ஸ்மத்தில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. ரஷ்யா போர் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று அதில் எங்கும் கண்டிருக்கவில்லை. போருக்காக வரிச்சுமையைத் தாங்கிய டோக்கியோ மக்கள் அன்றைக்கே ஹிபியா பூங்காவில் திரண்டார்கள். நகரத்துக் காவல் சாவடிகளில் பெரும்பாலானவை எரிந்தன. ராணுவச் சட்டம் போட வேண்டியதாயிற்று. வென்றவன் வீட்டிலும் கணக்குக் கேட்பார்கள் என்பதற்கு இது போதுமான சாட்சி.

ரஷ்ய முஸ்லிம்கள் என்ன செய்தார்கள்?

1897 கணக்கெடுப்பின்படி ரஷ்யப் பேரரசில் சுமார் 1 கோடியே 40 லட்சம் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். வோல்கா நதிக்கரைத் தாத்தாரியர், கிரிமியர், காக்கேசியர், மத்திய ஆசிய மக்கள் எனச் சிதறிக் கிடந்த சமுதாயம். ஒருவரையொருவர் அறியாத நிலை.

ஆனால் அவர்களில் ஒருவர் புரட்சிக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார். அவர் பெயர் இஸ்மாயில் காஸ்பிரின்ஸ்கி. 1883இல் கிரிமியாவின் பாக்சிசராய் என்ற சிற்றூரில் 'தர்ஜுமான்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். புதிய முறைப் பள்ளிக்கூடங்களை ஊர்தோறும் பரப்பினார். அந்தப் பத்திரிகையைப் படித்தவர்களும் அந்தப் பள்ளிகளை நடத்தியவர்களும்தான் 1905இல் ஒருவரையொருவர் தேடிக் கண்டு கொண்டார்கள்.

எங்கே கூடினார்கள் தெரியுமா? சந்தையில்! வோல்காவும் ஓகாவும் சேரும் நிஸ்னி நோவ்கொரோட் நகரில் ஆண்டுதோறும் பெரும் வணிகச் சந்தை நடக்கும். முஸ்லிம் வியாபாரிகள் தூர தேசங்களிலிருந்தும் அங்கே வருவார்கள். 1905 ஆகஸ்டில் அந்தச் சந்தைக் காலத்தையே மாநாட்டுக் காலமாக ஆக்கிக் கொண்டார்கள். கூட்டம் போட அதிகாரிகள் அனுமதி மறுத்தார்கள். உடனே ஒரு நீராவிக் கப்பலை வாடகைக்கு அமர்த்தி, உல்லாசப் பயணம் போவதாகச் சொல்லி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஏறிக் கொண்டார்கள். ஓகா நதியில் கப்பல் மிதக்க, அதன் மேலேயே ரஷ்ய முஸ்லிம்களின் முதல் மாநாடு நடந்து முடிந்தது. காஸ்பிரின்ஸ்கியும் யூசுஃப் அக்சூராவும் பாக்கூவிலிருந்து வந்த தொப்சிபாஷியும் அதில் முன்னணியில் நின்றார்கள். கல்லெறியவில்லை, கடையை எரிக்கவில்லை. சம உரிமை வேண்டும், பிரதிநிதித்துவம் வேண்டும், ஒன்றுபட்டு நிற்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டுக் கரையேறினார்கள்.

செல்வந்தர்களும் சும்மா இருக்கவில்லை. பாக்கூவின் எண்ணெய் வணிகர் ஹாஜி ஜைனுல் ஆபிதீன் தகியேவ் 1905இல் 'ஹயாத்' என்ற நாளிதழுக்குப் பொருளுதவி செய்தார். ஓரன்பர்க்கில் தங்கச் சுரங்க உரிமையாளர்களான ராமியெவ் சகோதரர்கள் 1906இல் 'வக்த்' என்ற பத்திரிகையை நடத்தத் தொடங்கினார்கள். அரசின் பிடி தளர்ந்த ஒரு சிறிய இடைவெளி அது. அந்த இடைவெளியில் பள்ளிக்கூடமும் பத்திரிகையும் அமைப்பும் எழுந்தன. 1906இல் கூடிய முதல் டூமாவில் சுமார் இருபத்தைந்து முஸ்லிம் உறுப்பினர்கள் அமர்ந்தார்கள்.

கோபம் வழி தவறிய இடங்கள்

சகோதரர்களே! இந்த வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். தோற்றுப் போன அரசின் மீது எழும் கோபம் எப்போதும் அரண்மனையை நோக்கியே போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் மீதும் அது பாயும்.

1905 பிப்ரவரியில் பாக்கூ நகரில் முஸ்லிம்களுக்கும் ஆர்மீனியர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. நூற்றுக்கணக்கில் உயிர்கள் போயின. ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் மூண்டபோது எண்ணெய்க் கிணறுகளே தீக்கிரையாயின. தகராறு செய்தவர்கள் யார்? ஒரே சந்தையில் விற்றவர்கள், ஒரே எண்ணெய் வயலில் கூலி பெற்றவர்கள். சில வாரங்களுக்கு முன்புதான், 1904 டிசம்பரில், அதே பாக்கூவின் தொழிலாளர்கள் இனவேறுபாடு பாராமல் வேலை நிறுத்தம் செய்து முதலாளிகளிடம் எழுத்துப் பூர்வமான ஒப்பந்தம் வாங்கியிருந்தார்கள். சேர்ந்து நின்றபோது கிடைத்த பலனை அடுத்த இரண்டு மாதத்திலேயே இரத்தத்தில் கரைத்தார்கள்.

ஜார் உரிமை அறிக்கை வெளியிட்ட அதே வாரத்தில் ஒடெஸ்ஸா நகரில் நானூறுக்கும் மேற்பட்ட யூதர்கள் வெறிக் கும்பலால் கொல்லப்பட்டார்கள். 'நாட்டின் தோல்விக்கும் குழப்பத்திற்கும் இவர்கள்தான் காரணம்' என்று கைகாட்டி விடப்பட்ட கும்பல் அது. அதிகாரிகள் பல இடங்களில் கைகட்டி நின்றார்கள். சில இடங்களில் உடந்தையாகவும் இருந்தார்கள். குற்றம் செய்தவன் தப்பிக்க, ஒரு சிறுபான்மையைக் காட்டிக் கொடுக்கும் உத்தி எவ்வளவு பழையது என்று பாருங்கள்! கொந்தளிப்பு வந்தால் போதும் என்று நினைக்கிற இளைஞர்கள், அந்தக் கொந்தளிப்பில் முதலில் எரிவது யாருடைய கடை என்பதையும் நினைக்க வேண்டும்.

சீனி விலையும் தெஹ்ரான் கடைத்தெருவும்

இனி 'எங்கேயோ சண்டை, நமக்கென்ன?' என்று கேட்ட வியாபாரிகளுக்கு வருகிறேன்.

ஈரான் இந்தப் போரில் கலந்து கொள்ளவில்லை. ஜப்பானோடு பகையுமில்லை. ஆனால் ஈரானியர் தேநீரில் போடுகிற சீனியில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வந்தது. போராலும் புரட்சியாலும் வரத்துக் குறைந்தது, விலை ஏறியது. விலை ஏறினால் ஆட்சியாளர் யாரைப் பிடிப்பார்? வியாபாரியைத்தான்! 1905 டிசம்பரில் தெஹ்ரான் ஆளுநர் அலாவுத் தவ்லா சீனி வியாபாரிகளை அழைத்து, விலையைக் குறைக்கச் சொல்லி, உள்ளங்காலில் பிரம்படி கொடுக்க வைத்தார். அடி வாங்கியவர்களில் ஒருவர் சையித் ஹாஷிம் என்ற முதியவர். பள்ளிவாசல் கட்டிக் கொடுத்தவர், ஊரே மதித்த மனிதர்.

செய்தி பரவியதும் கடைத்தெரு மூடப்பட்டது. தபாதபாயி, பெஹ்பஹானி ஆகிய இரு மார்க்க அறிஞர்களின் தலைமையில் பெருங்கூட்டம் நகருக்கு வெளியே ஷா அப்துல் அஜீம் தர்காவில் போய் அடைக்கலம் புகுந்தது. 'நீதி மன்றம் அமைத்துத் தாருங்கள்' என்பது கோரிக்கை. ஷா வாக்களித்தார், காப்பாற்றவில்லை. 1906 கோடையில் மீண்டும் எழுந்தார்கள். உலமாக்கள் கும் நகருக்குப் போய்விட்டார்கள். வியாபாரிகளும் கைவினைஞர்களும் பிரிட்டிஷ் தூதரகத்துத் தோட்டத்தில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது. ஒவ்வொரு தொழிலாருக்கும் தனித்தனிக் கூடாரம். பெரிய பெரிய அண்டாக்களில் பொதுச் சமையல். செலவைப் பெருவணிகர்கள் ஏற்றுக் கொண்டார்கள். உள்ளே ஒழுங்கு, வெளியே ஊர் முழுவதும் கடையடைப்பு.

வேறு காலமாக இருந்திருந்தால் ஷாவுக்கு ரஷ்யப் பேரரசு துணைக்கு வந்திருக்கும். இப்போது அந்தப் பேரரசுக்கே வீட்டில் தீ! 1906 ஆகஸ்ட் 5ஆம் தேதி முஸஃப்பருத்தீன் ஷா பணிந்தார். அக்டோபரில் முதல் மஜ்லிஸ் கூடியது. அதில் தெஹ்ரானுக்கு ஒதுக்கப்பட்ட அறுபது இடங்களில் முப்பத்திரண்டு தொழிற் சங்கங்களுக்கு, பத்து வணிகர்களுக்கு. தலைநகருக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் பெரும்பான்மை கடைத்தெருவுக்கு! மஞ்சூரியாவில் வெடித்த பீரங்கிக்கும் தெஹ்ரானில் ஒரு முதியவரின் பாதத்தில் விழுந்த பிரம்படிக்கும் இடையே இருந்த கயிறு, ஒரு கட்டிச் சீனியின் விலை. இதற்குப் பிறகும் 'நமக்கென்ன' என்று சொல்ல முடியுமா?

ஜார் எப்படித் தப்பினார்?

இங்கே கதை முடிந்திருந்தால் இளைஞர்களின் பதிலே சரி என்று நானும் சொல்லியிருப்பேன். முடியவில்லை. தோற்ற ஜார் 1905இல் கவிழவில்லை! ஏன்?

முதலாவது, அவர் போரை நிறுத்தினார். தொடர்ந்து தோற்பதை விட, இழந்ததை இழந்ததாக எழுதிவிட்டு வெளியேறுவது மேல் என்று விட்டே புத்தி சொன்னார். இரண்டாவது, ராணுவத்தில் பெரும்பகுதி அவர் பக்கமே நின்றது. கிழக்கிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் சைபீரிய ரயில் பாதை நெடுகக் கலகம் செய்தார்கள். ஆனால் 1906 தொடக்கத்தில் இரு முனைகளிலிருந்தும் தண்டனைப் படைகளை ரயிலில் அனுப்பி அதை அடக்கினார்கள். டிசம்பரில் மாஸ்கோவில் எழுந்த ஆயுதக் கிளர்ச்சியை அரச காவற்படை பீரங்கியால் நசுக்கியது. மூன்றாவது, 1906 ஏப்ரலில் 225 கோடி பிராங்க் கடன் கிடைத்தது. கஜானா நிரம்பியது. நான்காவது, எதிர்த்தவர்களைப் பிரித்தார்கள். அக்டோபர் அறிக்கையோடு திருப்தியடைந்தவர்கள் ஒதுங்கினார்கள்; விவசாயியின் நிலத் தவணை ரத்து செய்யப்பட்டது; தனித்து நின்ற தொழிலாளர்கள் அடிபட்டார்கள்.

பிறகு கொடுத்ததைத் திரும்ப எடுத்தார்கள். 1907 ஜூனில் இரண்டாவது டூமா கலைக்கப்பட்டது. தேர்தல் சட்டம் மாற்றப்பட்டது. துருக்கிஸ்தான் முஸ்லிம்கள் தங்கள் பிரதிநிதித்துவத்தை முழுவதுமாக இழந்தார்கள். மூன்றாவது டூமாவில் முஸ்லிம்களின் எண்ணிக்கை பத்து அளவிற்குச் சுருங்கியது. ஈரானிலும் அதே கதைதான். மூச்சு வாங்கிக் கொண்ட ரஷ்யா 1907 ஆகஸ்டில் பிரிட்டனோடு உடன்பாடு செய்து ஈரானைச் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கு போட்டது. எந்தத் தூதரகத் தோட்டத்தில் அடைக்கலம் தேடினார்களோ அதே பிரிட்டன்! 1908 ஜூனில் ரஷ்யக் கர்னல் லியாக்கோவின் தலைமையில் கோசாக் படை மஜ்லிஸ் கட்டடத்தைப் பீரங்கியால் தகர்த்தது. தப்ரீஸ் நகர மக்கள் சத்தார் கானின் தலைமையில் மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கிப் போராடினார்கள். 1909இல் அரசியலமைப்பு மீட்கப்பட்டது. 1911 இறுதியில் ரஷ்யாவின் மிரட்டலுக்குப் பின் மஜ்லிஸ் மீண்டும் மூடப்பட்டது.

அப்படியானால் 1917இல் மட்டும் ஜார் எப்படிக் கவிழ்ந்தார்? 1905இல் செய்த நான்கையும் இந்த முறை அவரால் செய்ய முடியவில்லை. போரை நிறுத்தவில்லை. 1915இல் படைத் தலைமையைத் தாமே ஏற்றுக் கொண்டதால், அதன் பிறகு வந்த ஒவ்வொரு தோல்வியும் அவர் பெயரிலேயே பற்று எழுதப்பட்டது. 1916இல் மத்திய ஆசிய முஸ்லிம்களைப் போர்முனை வேலைகளுக்குக் கட்டாயமாகப் பிடிக்க ஆணையிட்டார். குஜந்தில் தொடங்கி எங்கும் கிளர்ச்சி பரவியது. அடக்குமுறையில் பெருந்தொகையினர் மாண்டார்கள். பலர் சீன எல்லை கடந்து ஓடினார்கள். 1917 மார்ச் 8ஆம் தேதி பெட்ரோகிராட் வீதிகளில் பெண்கள் ரொட்டி கேட்டு இறங்கினார்கள். நான்கு நாட்களில் தலைநகர்ப் படையினரே மக்களோடு சேர்ந்து கொண்டார்கள். ஒரே வாரத்தில் முந்நூறு ஆண்டு முடியாட்சி முடிந்தது.

ராணுவம் யார் பக்கம் என்பதே முடிவைத் தீர்மானித்தது. நம் கண்ணெதிரே 1991இல் ஈராக்கிலும் இதைத்தான் பார்த்தோம். குவைத்தில் தோற்றுத் திரும்பிய சிப்பாய்களின் ஆத்திரம் பஸ்ராவில் வெடித்து, நாட்டின் பதினெட்டு மாகாணங்களில் பதினான்கு வரை கிளர்ச்சி பரவியது. ஆனால் குடியரசுக் காவற்படை தப்பிப் பிழைத்திருந்தது. ஹெலிகாப்டர்களும் பறக்க அனுமதிக்கப்பட்டன. சில வாரங்களில் ஆயிரமாயிரம் பேர் கொல்லப்பட்டு எல்லாம் அடங்கியது. எழுங்கள் என்று வெளியிலிருந்து தூண்டியவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தோற்ற சதாம் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்டார்.

நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது

இளைய சகோதரர்களே! தோல்வி ஒரு கதவைத் திறக்கும், அவ்வளவுதான். அந்தக் கதவு வெகுநாள் திறந்திருக்காது. ரஷ்யாவில் அது இரண்டு ஆண்டு கூடத் திறந்திருக்கவில்லை. அதற்குள் நுழைய முடிந்தவர்கள், கதவு திறப்பதற்கு முன்பே ஆயத்தமாக இருந்தவர்கள்தான். காஸ்பிரின்ஸ்கி 1883இல் அச்சு இயந்திரத்தைச் சுழற்றியிராவிட்டால் 1905இல் கப்பலில் ஏற ஆளிருந்திருக்காது. டூமாவில் இடம் பறிபோன பின்னும் அவர் தொடங்கிய பள்ளிகள் நின்றன. தர்ஜுமான் 1918 வரை வந்தது. ஆரவாரத்தில் கிடைத்தது அரசாணையில் போயிற்று. பொறுமையாகக் கட்டியது நிலைத்தது.

வணிகப் பெருமக்களே! வரலாற்றில் கடைத்தெரு வேடிக்கை பார்த்த இடமாக மட்டும் இருந்ததில்லை. தெஹ்ரானில் அண்டா வைத்துச் சோறு போட்டவர்களும், ஓரன்பர்க்கில் பத்திரிகைக்குப் பணம் போட்டவர்களும் உங்களைப் போன்ற வியாபாரிகள்தான். கல்விக்கும் பத்திரிகைக்கும் அமைப்புக்கும் கொடுப்பதை தர்மக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். முதலீட்டுக் கணக்கிலும் எழுதுங்கள்.

எங்கோ ஒரு படை தோற்றதென்று செய்தி வந்தால் கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். அங்குள்ள மக்களின் பழைய குறைகள் என்ன? அந்நாட்டு ராணுவம் யார் பக்கம் நிற்கிறது? கோபம் கிளம்பினால் அதை நேர்வழியில் நடத்தக் கட்டுப்பாடான அமைப்பு அங்கே இருக்கிறதா, அல்லது அது ஏதேனும் ஒரு சிறுபான்மையின் வாசலில் போய் விழுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தவனுக்குத்தான் அந்தச் செய்தியின் பொருள் விளங்கும்.